ஆம்ப்ரோஸின் தலையணை

லூர்துமேரி தலையணையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். காலையில்தான் வார்னிஷ் அடித்த சவப்பெட்டி கூடத்தில் திறந்து கிடந்தது. உள்ளே அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் கோட்டும் டையுமாகப் படுத்திருந்தான், தலைக்கு மட்டும் ஒன்றும் இல்லை. தலையணைக்குள் அவள் பஞ்சு கொஞ்சம்தான் வைத்தாள். மீதியெல்லாம் சீட்டு.

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கங்களை அவள் கத்தரித்துக் கொடுக்க, அவன் வருஷக்கணக்காக எழுதிய சீட்டுகள். கல்லூரியில் ஜூனியர் லெக்சரர். வட ஆற்காட்டிலிருந்து கோலார் சுரங்கத்துக்கு ஆள் பிடித்த கதையை ஆராய்ந்துகொண்டிருந்தான். லைப்ரரி லைப்ரரியாக அலைவான். கிடைத்த செய்தியை ஒரு சீட்டில் எழுதி மூலையில் எண் போடுவான். அது எந்த லைப்ரரி, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பதை அதே எண்ணோடு வேறு சீட்டில் எழுதி வேறு டப்பாவில் போடுவான். செய்திகளைக் கலைத்து அடுக்க அதுதான் வசதி என்பான். அந்த வசதிதான் இப்போது அவளுக்குக் கைகொடுத்தது.

செய்தி டப்பாவை அதே கல்லூரிப் புரொபசர் செல்வநாயகம் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிப் போனவர்தான். இவன் காசநோயில் படுத்ததும் எல்லாவற்றையும் தன் பெயரில் புத்தகமாக எழுதிவிட்டார். அச்சுப் போட ஒப்புக்கொண்ட லண்டன்காரர்கள் ஒவ்வொரு செய்திக்கும் ஆதாரம் கேட்டார்கள். அதற்கப்புறம்தான் மனுஷனுக்கு ஆஸ்பத்திரிக்கு வழி தெரிந்தது. ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, ஆதாரமெல்லாம் இருந்த இன்னொரு டப்பாவைக் கேட்டார். ஆம்ப்ரோஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள். அந்தாளுக்கு ஒரு சீட்டுகூடக் கிடைக்கக் கூடாது. திருட்டுப் பெயரில் வருவதைவிட அந்தப் புத்தகம் வராமலே தொலையட்டும்.

மாமனார் சவரிமுத்து வந்து குனிந்தார். சுரங்கத்தில் காய்ப்பேறிய கையால் தலையணையை அழுத்தினார். உள்ளே மொரமொரவென்றது.

"இன்னாம்மா இது, இம்மாம் ஒசரமா கீது?"

"ஒசரமா இருந்தாத்தான் அவருக்குத் தூக்கம் வரும் மாமா."

கிழவர் அவளையே பார்த்தார். சுரங்கத்துக்கு ஆளாகச் சேர்ந்தபோது அவருடைய அப்பன் வைத்த கைநாட்டு எந்த ஊர் ரிஜிஸ்டரில் இருக்கிறது என்பதும் அதில் ஒரு சீட்டில் இருந்தது. மகன் அதைக் கண்டுபிடித்து வந்து சொன்ன அன்று மனுஷர் சாப்பிடவே இல்லை. அந்த ஒன்றையாவது எடுத்து வைக்கலாமா என்று அவளும் யோசித்தாள்தான். ஒன்று வெளியே இருந்தால் மற்றதையும் அந்தாள் மோப்பம் பிடித்துவிடுவார்.

சவரிமுத்து மகனின் தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். அவள் தலையணையைச் செருகினாள்.

புரொபசர் கறுப்புக் கோட்டில், மலர்வளையத்தோடு வந்தார். தன் சொந்தப் பிள்ளை போய்விட்டதாக எல்லோரிடமும் சொன்னார். வீடு இருந்த மர்பி டவுனிலிருந்து கல்பள்ளி கல்லறை பக்கம்தான் என்பதால் தோளில் தூக்குவதென்று முடிவானபோது, வேண்டாமென்றவர்களை விலக்கிக்கொண்டு தலைமாட்டுக்குத் தோள் கொடுத்தார். வழியெல்லாம் வியர்த்துக் கொட்டியும் யாரிடமும் மாற்றிக்கொள்ளவில்லை.

லூர்துமேரி பின்னாலேயே நடந்தாள். அழுகையின் நடுவிலும் அவள் மனசு குளிர்ந்திருந்தது. பாவமென்றால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம், அதற்கு இப்போது அவசரமில்லை.

சாமியார் ஜெபம் முடித்ததும் ஆளாளுக்கு மண் போட்டார்கள். புரொபசர் இரண்டு கையும் நிறைய அள்ளிப் போட்டார்.

கூட்டம் கலையும்வரை பொறுத்திருந்து, கல்லறை கேட் அருகே அவளிடம் வந்தார்.

"லூர்து, இது நேரமில்லேன்னு தெரியும்மா. அந்த இன்னொரு டப்பா இருக்கு பாரு... அவன் உழைப்பு வீணாப் போகக் கூடாது. முன்னுரையில அவன் பேரைப் போடறேன்."

"டப்பா வீட்டுல காலியா இருக்கு சார். சீட்டையெல்லாம் அவர் தலைக்கு வச்சுட்டேன். நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க?"

புரொபசர் திரும்பிப் பார்த்தார். அங்கே குழிவெட்டி மண்வெட்டியின் முதுகால் மேட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். அவர் கை தானாகத் தோளுக்குப் போனது. கோட்டில் புது வார்னிஷ் பட்டையாக ஒட்டியிருந்தது. கைக்குட்டையை எடுத்துத் தேய்த்தார், அது போகவில்லை.

லூர்துமேரி மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.