சூரியப் புயலும் ரெங்கராஜின் கிணறும்

ஆனந்தவள்ளிக்குச் சூரியனை வைத்துத்தான் பிழைப்பு. பெங்களூரில் உள்ள விண்வெளி வானிலை மையம் ஒன்றில் மூத்த விஞ்ஞானி. மாதத்தில் பாதி நாள் ஸ்ரீரங்கத்து வீட்டு மாடியிலிருந்தே வேலை. சூரியனில் வெடிப்பு கிளம்பினால் அது எப்போது பூமிக்கு வரும், வந்தால் எதெது கெடும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். ஆனால் தெருவில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மேடம், இன்னைக்கு வடாம் போடலாமா?" அது வேற ஆபீஸுங்க என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

தெருவை விடுங்கள். திருவெள்ளறையில் வாழை போட்டிருக்கும் சொந்த அண்ணன் ரெங்கராஜ் அவள் எச்சரிக்கை ஒன்றையாவது மதித்ததுண்டா? "போன வருஷம் பெரிய புயல்னு சொன்னே. எங்க வீட்டு ஃபேன்கூட நிக்கலையே" என்பார். முப்பது வருஷமாக இது அவளுக்கு ஆறாத குறை.

அந்த வாழைக்குத் தண்ணீர் கொடுப்பது வரப்போரமாக அண்ணன் போட்ட ஆழ்துளைக் கிணறு. அது தன் நிலத்தில் இருக்கிறது என்றார் பக்கத்து நிலத்துப் பிச்சைமுத்து. இரண்டு வருஷம் வாய்ச்சண்டை. கடைசியில், பாலக்கரையிலிருந்து சர்வேயர் நஸ்ருல்லாவை வரவழைத்து செயற்கைக்கோள் கருவியால் அளப்பது, அது காட்டுவதே முடிவு என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். வியாழக்கிழமை மதியம் என்று நாளும் குறித்துவிட்டார்கள்.

புதன்கிழமை காலையில் ஆனந்தவள்ளி பதறிப்போய் அண்ணனுக்கு போன் போட்டாள். "அண்ணே, நாளைக்கு வேணாம். சூரியப் புயல் வருது. மேல காத்து மண்டலம் கலங்குச்சுன்னா செயற்கைக்கோள் அளவு அடிக்கணக்குல தப்பாயிடும்."

"நீ சூரியனைப் பாரு. நான் கிணத்தைப் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

மனசு கேட்காமல் மறுநாள் பஸ் பிடித்துப் போய்விட்டாள். நஸ்ருல்லா கருவியைக் கம்பில் மாட்டிக் கிணற்றருகே நிறுத்தினார். அது வெகுநேரம் முக்கி முனகிவிட்டு, கிணறு பிச்சைமுத்து நிலத்துக்குள் இரண்டடி என்று காட்டியது.

அந்த நொடியில் ரெங்கராஜுக்கு ஞானம் பிறந்தது. "இது செல்லாதுங்க. சூரியன்ல புயல் அடிக்குது. எங்க தங்கச்சி யாருன்னு நினைச்சீங்க? சீனியர் சயின்டிஸ்ட். நேத்தே சொல்லிருச்சு."

ஆனந்தவள்ளிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அரைமணி கழித்து மறுபடி அளந்தார்கள். இப்போது கிணறு ரெங்கராஜ் நிலத்துக்குள் மூன்றடி.

"பாத்தீங்களா, புயல் போயிருச்சு" என்றார் ரெங்கராஜ்.

"அரைமணி நேரத்துல கிணறு அஞ்சடி நடந்திருக்கு. சரி, தங்கச்சியே சொல்லட்டும். புயல் போயிருச்சுன்னா இதுக்கு நான் கட்டுப்படறேன்" என்றார் பிச்சைமுத்து.

"சொல்லுங்க மேடம், எழுதிடவா?" என்று பேனாவைத் திறந்தார் நஸ்ருல்லா.

ஆனந்தவள்ளி போனைப் பார்த்தாள். அவளே கையெழுத்திட்டு அனுப்பிய எச்சரிக்கை. புயல் மாலை ஏழு வரை. மையத்திலிருந்து வந்திருந்த புது அளவுகளும் அதையேதான் சொல்லின. நிமிர்ந்தால், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அண்ணன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். போயிருச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

"இல்லண்ணே. இன்னும் உச்சத்துல இருக்கு. ரெண்டு அளவும் தப்பு. திங்கக்கிழமை வானம் அமைதியா இருக்கும், அன்னைக்கு அளக்கலாம்."

ரெங்கராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர் திரும்பியே பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவள் சொன்னபடியே வானம் அமைதியாக இருந்தது. நஸ்ருல்லா நாலு தடவை அளந்தார். நாலு தடவையும் ஒரே இடம். கிணறு பிச்சைமுத்து நிலத்துக்குள் ஒன்றேகால் அடி. தன் கணிப்பு இவ்வளவு துல்லியமாகப் பலித்த நாளில் ஆனந்தவள்ளிக்குத் தூக்கு மாட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிச்சைமுத்து கிணற்றைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். "அன்னைக்கு நீ புயல் போயிருச்சுன்னு சொல்லியிருந்தா இது உங்க அண்ணனோடதும்மா. அவர் வாழை காயவேணாம். முறை வச்சுத் தண்ணி எடுத்துக்கட்டும். ஆனா முறையை நீதான் சொல்லணும். வேற யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்."

அதனால் மூத்த விஞ்ஞானிக்கு இப்போது இன்னொரு வேலை. தினமும் காலை ஆறு மணிக்கு இரண்டு பேருக்கும் வாட்ஸ்அப்பில் அறிக்கை போகும்: சூரியனில் வெடிப்பு இல்லை. காந்தப்புலம் அமைதி. செயற்கைக்கோள் சமிக்ஞை சீர். மோட்டார்: பத்து மணி வரை ரெங்கராஜ், பிறகு பிச்சைமுத்து. கடைசி வரியை மட்டும் அனுப்பினால் போதும்தான். ஆனால் அவள் அப்படி அனுப்பமாட்டாள்.

அண்ணனுக்கும் அவளுக்கும் ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நேற்று அவள் கொஞ்சம் அசந்துவிட்டாள். ஆறு பத்துக்கு போன் அடித்தது. அண்ணன் பெயர்.

எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு செருமல்.

"என்ன, மணி ஆறு பத்தாச்சு. சூரியன் எப்படி இருக்கு?"