விலாசத்துக்கு அடித்த புகை

பக்கிரிசாமி புகை மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வேனிலிருந்து இறங்கியபோது பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொசு மருந்து அடிக்க அந்திதான் நேரம். சுகாதார இலாகாவில் சேர்ந்த நாளிலிருந்து அதே தோள்தான் மெஷினைச் சுமக்கிறது. வார் அழுத்திய இடத்தில் தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. மகன் ஜெயராஜ் டிங்கி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பகலெல்லாம் அங்கே நின்ற கால்கள் இப்போது கெஞ்சின.

இன்ஸ்பெக்டர் யோகநாதன் கையிலிருந்த தாளைத் தெருவிளக்குக்குக் காட்டிப் படித்தார்.

"டிங்கி கேஸ். ஒரு பொடியன். விலாசம், பழனியப்பன் மளிகைக் கடை. இந்த லைன், பின்னால லோரோங் சந்து, கால்வாய் எல்லாம் அடிக்கவேணும்." மேலே படித்தவர் நிமிர்ந்து பார்த்தார். "ஜெயராஜ், தகப்பன் பெயர் பக்கிரிசாமி. உம்முடைய மகனோ?"

"என் மகன்தான் சார்."

"நீர் இங்கயா இருக்கிறீர்?"

"இல்ல சார். அதோ, பாலத்துக்கு அந்தாண்ட. கம்பத்துல."

சொன்ன பிறகுதான் தான் செய்துவைத்த காரியம் அவனுக்கே உறைத்தது. ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டபோது, வாய் தானாகக் கடையின் விலாசத்தைச் சொல்லியிருந்தது. அந்தக் கம்பத்துக் குடியிருப்பில் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆற்றோரத்துப் பலகை வீடுகளுக்கு நம்பர் கிடையாது, தபால்காரனும் வரமாட்டான். பள்ளிக்கூடத்துக் கடிதமோ கல்யாணப் பத்திரிகையோ எல்லாம் பழனியப்பன் கடைக்குத்தான் வரும். அவர் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்து, அரிசி வாங்க வரும்போது கொடுப்பார்.

"சார், கொசு கடிச்சது அங்கதான். தண்ணிக் குழாய் ஒண்ணே ஒண்ணு, ரோட்டோரத்துல. வீட்டுக்கு வீடு தோம்புல புடிச்சு வெச்சிருக்கோம். எல்லாத் தோம்புலயும் புழு நெளியுது. டாங்கியில மருந்து இருக்கு சார், பாலம் தாண்டினா கம்பம் வந்துரும்."

யோகநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷர்தான். பெருநாளுக்கு லேபர்களுக்குத் தன் கைக்காசில் பலகாரம் வாங்கித் தருகிறவர். "அது புறம்போக்கு. எங்கட லிஸ்ட்டில அந்த இடமே இல்லை. நான் அங்க அடிச்சால், அங்க ஆக்கள் இருக்கினம் எண்டு எழுதிக் குடுத்த மாதிரி ஆகிப்போகும்."

"ஆளுங்க இருக்காங்களே சார்."

"எனக்குத் தெரியாதே, பக்கிரி? மேலிடத்தில கேட்டுப் பாக்கிறன். இப்ப கேஸ் வீட்டுக்கு அடியும்."

மெஷின் உறுமியது. வெள்ளைப் புகை கால்வாயோரமாகப் புரண்டு கடை வாசலில் ஏறியது. கால்வாய் கழுவிவிட்டதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. கொசு முட்டையிட அதில் இடமே இல்லை. பழனியப்பன் வெங்காய மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டே இருமினார்.

"ஏன்யா பக்கிரி, என் கடைக் கொசு பாலம் தாண்டிப் போயா உன் மகனைக் கடிச்சுது? நல்லா இருக்குலா நியாயம்! நாளைக்கு எவன் வருவான் சாமான் வாங்க?"

பக்கிரிசாமிக்கு வெட்கமாக இருந்தது. துணியால் மூக்கைக் கட்டியிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

புகையைக் கண்டதும் கம்பத்துப் பிள்ளைகள் பாலத்தைக் கடந்து ஓடி வந்தார்கள். அவர்களில் அவனுடைய சின்ன மகளும் இருந்தாள். புகைக்குள் புகுந்து ஒருவரையொருவர் தேடிச் சிரித்தார்கள். பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது என்பது சட்டம். அவன் கையை ஓங்கி விரட்டினான்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் மனைவி வீரம்மாவிடம் நடந்ததைச் சொன்னான். அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், "நோவு ஒரு பக்கம், சூடு ஒரு பக்கமா?" தோம்புகளைப் பலகையும் தட்டும் போட்டு மூடினாள். மூடி பொருந்தாத இடுக்கு வழியாகக் கொசு வந்து போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் வார்டில் ஜெயராஜ் கண் திறந்து பேசினான். பெண் டாக்டர் மலாய் மொழியில் நிதானமாகச் சொன்னாள்: பையன் தப்பித்தான், நாளைக்குக் கூட்டிப் போகலாம். ஆனால் இந்தக் காய்ச்சல் இரண்டாவது முறை வந்தால் ஆபத்து. வீட்டைச் சுற்றிக் கொசு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கிரிசாமி தலையாட்டினான். ஜெயராஜ் அவன் சட்டையை முகர்ந்தான்.

"அப்பா, புகை வாசம். நம்ம வீட்டுல அடிச்சிட்டீங்களா?"

பக்கிரிசாமி வாங்கி வந்த ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தான். தோலைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி எடுத்தான். "படுப்பா," என்றான்.

வெளியே வரும்போது, பெயர் பதியும் இடத்தில் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் நின்றிருந்தாள். தோளில் கைக்குழந்தை துவண்டு கிடந்தது. கிட்டே போனதுமே அதன் உடம்புச் சூடு தெரிந்தது.

"அலாமாட்?" என்று விலாசம் கேட்டாள் நர்ஸ் மிஸ்ஸி.

பக்கிரிசாமி முந்திக்கொண்டான். "பாலத்தடிக் கம்பம், மிஸ்ஸி."

"நொம்போர் ருமா?" வீட்டு நம்பர் கேட்டாள்.

"தாடா." இல்லை என்று தலையசைத்தான்.

மிஸ்ஸியின் பேனா தாளின் மேல் நின்றது. பின்னால் வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பவுனம்மாள் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அண்ணே, சும்மா இருங்கண்ணே. நம்பர் இல்லேன்னா புள்ளய எடுத்துக்க மாட்டாங்க."

"எடுத்துக்குவாங்க பவுனு. இந்த எடத்துலயாவது உண்மையச் சொல்லிரு. அப்பத்தான்..."

"நீங்க நெசமாத் தெரிஞ்சா சொல்றீங்க?"

அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. குழந்தை முனகியது. பவுனம்மாள் பழனியப்பன் கடையின் நம்பரையும் தெருவையும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். மிஸ்ஸி நிம்மதியாக எழுதிக்கொண்டாள். அவனுக்கு அழுகை வந்தது; யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை.

அடுத்த நாள் அந்தியில் வேன் மறுபடியும் பழனியப்பன் கடை முன்னால் நின்றது.

"இங்க ரெண்டாவது கேஸ்," என்றார் யோகநாதன். அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "இனி இந்த ஏரியாவுக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் அடிக்கச் சொல்லி மேலிடத்து ஓடர்."

"மேல கேட்டீங்களா சார்?"

"கேட்டனான். நில இலாகாவுக்குக் கடிதம் போட்டிருக்கினம். பதில் வரட்டுமாம்."

அன்று பழனியப்பன் தார்ப்பாயை இழுத்து விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பக்கிரிசாமி கடை வாசலுக்கும் கால்வாய்க்கும் அடித்தான். தெருக்கோடிவரை எல்லாம் வெண்மையாகி, அதற்கப்பால் பாலம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். இன்று அவன் விரட்டவில்லை.

சின்னவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது, கடையில் தேத்தண்ணி கட்டிக் கொடுக்கும் பை. பையின் வாயை இரண்டு கையாலும் விரித்து நீட்டினாள்.

"இதுல கொஞ்சம் அடிங்கப்பா. அண்ணன் வந்துருச்சுல்ல. அது படுக்குற எடத்துல தொறந்து விடுறேன்."

"தள்ளி நில்லு, சுடும்."

யோகநாதன் வேன் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பக்கிரிசாமி குழாயைத் தாழ்த்திப் பிடித்தான். பை வெள்ளையாக உப்பியது. அவள் சட்டென்று வாயை முறுக்கி ரப்பர் வளையம் போட்டு, முட்டையை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். மற்ற பிள்ளைகள் வழிவிட்டுப் பின்னால் போனார்கள்.

பாலத்தின் நடுவில் நின்று பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். புகை அடங்கிப்போயிருந்தது. வெறும் பை, உள்பக்கம் டீசல் பிசுக்கு. அவள் ரப்பர் வளையத்தை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டு, கம்பத்து இருட்டுக்குள் இறங்கிப் போனாள்.