சொல்லாமல் விட்ட மாடி

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த ஆள் மாடியைப் பார்க்க ஏறவில்லை. ஏறுவதற்கு மாடி இல்லை. நிலம் குலுங்கிய காலையில் அது ஒரு பக்கமாகச் சரிந்து, கீழ்வீட்டின் சமையலறைமேல் உட்கார்ந்துவிட்டது. அந்த நேரத்தில் உள்ளே யாரும் இல்லாதது இறைவன் கருணை என்று தெருவே சொன்னது. ஸுலைகாவும் சொன்னாள். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் உப்பில்லாத ரொட்டி மாதிரி ஆகியிருந்தது.

வந்தவன் இளைஞன், அல்ஜியர்ஸ்காரன். இடிபாட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவள் எதிரே நின்றான்.

"வீட்ல யாரெல்லாம் இருந்தீங்கம்மா?"

"கீழே நான். மேலே என் மகன் நஸீம், மருமக வஹீபா, அவங்க கைக்குழந்தை."

"எங்க தாள்ல இருக்கறது ஒரே ஒரு தளம். குடியிருக்கறது ரெண்டு பேரு. மொக்தார், ஸுலைகா."

"என் வீட்டுக்காரர் மவுத்தாகி ரொம்ப நாளாச்சு தம்பி."

"அதுவும் எங்களுக்குத் தெரியாது."

"ஜனாஸாவுக்கு ஊரே வந்துச்சே."

"கம்பெனி வரலையேம்மா." கேலியாக இல்லை, களைப்பாகத்தான் சொன்னான். "மாடிக்கு ஒண்ணும் செய்ய முடியாது. கீழ்வீட்டுக்கும் கஷ்டம்தான். மேல இருந்த பாரம்தானே அதை நசுக்கியிருக்கு. அந்தப் பாரத்தைப் பத்தி நீங்க சொல்லவே இல்ல."

பின்னால் நின்ற நஸீம் காறித் துப்பினான். "உங்க ஏஜென்ட் பூஜெமா மாமாவுக்குத் தெரியாதாமா? கூரை போட்ட அன்னைக்கு ரெண்டு தட்டு கூஸ்கூஸ் உள்ளே தள்ளினாரே, அது எந்தக் கணக்குல?"

ஸுலைகா அவன் கையைப் பிடித்தாள். வஹீபாவின் அப்பா ஜிஜலிலிருந்து தினமும் போன் செய்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வழி பிறக்காவிட்டால் மகளையும் பேரனையும் அழைத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தார். அவர்கள் போனால் நஸீமும் போவான். மாமனார் கூரையின் கீழ் தன் மகன் தலைகுனிந்து சோறு தின்பான் என்ற நினைப்பு, நிலம் குலுங்கியதைவிட அவளை ஆட்டியது.

பூஜெமாவுக்கு எல்லாம் தெரியும். கடைத்தெருவில் இன்சூரன்ஸ் கடை வைத்திருப்பவரே அவர்தான். மாடிக்குக் கான்கிரீட் போட்ட அன்று தெரு ஆண்களோடு அவரும் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வாளி கைமாற்றினார். ஈரக் கூரையின் கீழ் உட்கார்ந்து ஆட்டுக்கறி கூஸ்கூஸ் சாப்பிட்டபடி, "கூண்டு தயார், கிளியைத் தேடுங்க" என்று நஸீமைச் சீண்டினார். அவர் போனதும் மொக்தார் சிரித்தார். "இன்சூரன்ஸ்காரனே வந்து தின்னுட்டுப் போயிட்டான். இனி நாம போய் என்னத்தைச் சொல்ல?"

அதன்பின் ஒவ்வொரு ஜனவரியும் பாலிசியைப் புதுப்பிக்கப் பூஜெமா கடைக்குப் போனவள் ஸுலைகாதான். மேசையில் இருக்கும் பெண் சின்னம்மா முறை வைத்துக் கேட்பாள்: "வீட்ல ஏதாவது மாற்றம் உண்டா காலா?" முதுகுக்குப் பின்னே பெஞ்சு நிறையப் பெண்கள், கண்ணும் காதுமாக. மகன் மாடி கட்டினான், மருமகள் வந்தாள், ஆண் குழந்தை பிறந்தது என்று அந்தக் கண்களுக்கு முன்னால் எந்தத் தாய் உரக்கச் சொல்வாள்? கண் பட்டுவிடாதா? "ஒண்ணும் இல்ல மகளே, எல்லாம் அப்படியேதான், அல்ஹம்துலில்லாஹ்." அந்தப் பெண்ணும் அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்வாள். மொக்தார் இறந்த வருடமும் அதே பதில்தான். அந்த வருடம் அவளுக்கு வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் அவள் பூஜெமாவைத் தேடிப் போனாள். கடையின் ஷட்டர் கோணிக்கொண்டு பாதியில் நின்றது. உள்ளே சவரம் செய்யாத முகத்தோடு அவர் காப்பி ஊற்றினார்.

"ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. மாடி இருந்தது எனக்குத் தெரியும்னு. அது போதும்."

"சொல்லிட்டேன் தங்கச்சி. முந்தாநாளே கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரிஞ்சா ஏன் எழுதி அனுப்பலைன்னு கேட்டாங்க. கடையை எடுத்துடுவாங்க போல, எடுக்கட்டும். ஆனா உனக்கு ஒரு செங்கல்கூட வராது. நீ கையெழுத்துப் போட்டதுதான் அவங்களுக்குப் பேச்சு. நான் தின்னது இல்ல."

"அன்னைக்கே என் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்." டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "தட்டு மடியில இருக்கும்போது வியாபாரம் பேசக் கூச்சமா இருந்தது. மொக்தாரே கடைக்கு வருவான்னு நினைச்சேன். அவன், எனக்குத் தெரியும்தானேன்னு நினைச்சிருக்கான்."

திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த சொற்கள் அவளிடம் இருந்தன. அவற்றை யார்மீது எறிவது என்றுதான் தெரியவில்லை. கண்ணுக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடி மறைத்தவள் அவள். எந்தக் கண்ணும் படாமலே எல்லாம் போயிற்று. காப்பியைக் குடிக்காமல் எழுந்தாள்.

வியாழக்கிழமை வஹீபாவின் அப்பா வேனோடு வந்தார். அவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட வகுப்பறையின் வாசலில் நின்று, உள்ளே வராமல், தரையைப் பார்த்தபடி சலாம் சொன்னார். நல்ல மனிதர். அதுவே தாங்க முடியாததாக இருந்தது.

"மாமி, நீங்களும் வாங்க," என்றாள் வஹீபா.

"உன் தம்பிமாரே கூடத்துல படுக்கறாங்க. என்னை எங்கே போடுவே, கோழிக்கூண்டுலயா?"

வஹீபா சிரிக்கப் பார்த்து அழுதாள். குழந்தையை ஒருமுறை மாமியார் கையில் கொடுத்து, உடனே வாங்கிக்கொண்டாள்.

"ஒரு மாசம்தான் உம்மா," என்றான் நஸீம். "வேலை கிடைச்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"அங்கே உன் மாமனார்கிட்ட குரலை உயர்த்தாதே."

"எங்கே உயர்த்தறது? அவர் வீடு."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவள் தலையசைத்தாள். வேன் இறக்கத்தில் திரும்பி மறைந்தது.

பொழுது சாயும் நேரத்தில் நிவாரணம் கொடுக்கும் செம்பிறைச் சங்கத்துப் பெண் ரொட்டிக் கூடையோடு வந்தாள். ஒவ்வொரு பாயாக நின்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"உங்களுக்கு மூணுதானே காலா? குழந்தைக்குப் பால் தனியா வருது."

"ஒண்ணு," என்றாள் ஸுலைகா.

பக்கத்துப் பாய்களில் இருந்த பெண்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரிடமிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"மகன் போயிட்டான். மருமகளும் பேரனும் போயிட்டாங்க. வீட்டுக்காரர் மவுத்தாயிட்டார். நான் ஒருத்திதான் மகளே," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.