பிந்திப் பேசும் ரேடியோ

லைன்மேன் வாங்கிய டிஜிட்டல் ரேடியோவில் இரைச்சலே இல்லை. ஆனால் அடுப்படியில் இருந்த பழைய பெட்டியைவிட நாலைந்து நொடி பிந்தித்தான் பேசும்.

"காசைக் கொட்டி ஆமையை வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

அன்று கால்பந்து இறுதிப் போட்டி. கோல் காப்பவள் அவர்கள் மகள். எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. மின்கம்பத்தில் அஞ்சாமல் ஏறுகிற மனிதர், வழக்கம்போலக் குளியலறைக்கு ஓடினார். மகள் பெனால்டியைத் தடுத்ததை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கதவில் கை வைக்கும்போதே அடுப்படியில் கூச்சல்: "ஏங்க, நம்ம பொண்ணு பிடிச்சிட்டா!"

ஒரே பாய்ச்சலில் திரும்பிவந்து ரேடியோ முன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அதில் எதிரணிக்காரி அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"உதைக்கட்டும்டி, பார்த்துக்கலாம்!" என்றது சிங்கம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.