சிரட்டை ஹெல்மெட்

பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில், உதவிப் பேராசிரியை அனுராதா தேங்காயைப் பார்த்து ஹெல்மெட் செய்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்து இட்லியைப் பார்த்து மெத்தை செய்வாள் என்று இயந்திரவியல் துறை ஒருமனதாக முடிவு செய்திருந்தது.

தென்னை உச்சியிலிருந்து விழுகிற நெற்றுத் தேங்காய் ஏன் உடைவதில்லை என்பதுதான் அவளுடைய கேள்வி. பாதி அடியை நார் வாங்கிக்கொள்கிறது. மீதியை உள்ளிருக்கும் கெட்டி ஓடான சிரட்டை பார்த்துக்கொள்கிறது. அந்த ஓட்டுக்குள் நுண்ணிய குழாய்கள் கட்டுக்கட்டாக வளைந்து ஓடுகின்றன. விரிசல் அவற்றில் முட்டி, திசைமாறி, களைத்துப்போய் நின்றுவிடும். அதே அமைப்பைச் செயற்கை இழையிலும் பிசினிலும் கொண்டுவர அவளுக்கு நாலு வருஷம் ஆயிற்று.

முதல்வர் ஆவுடைநாயகம் அறிவியலை மிகவும் மதிப்பவர். ஹெல்மெட்டுக்காக அவர் வைத்த ஃபிளக்ஸ் பேனரில் அவர் ஆளுயரம் நின்றார். ஹெல்மெட் அவர் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது.

"தேங்காய்னு சொன்னா எவன்மா மதிப்பான்? நானோன்னு ஏதாவது சேத்துருவோம்."

"இதுல நானோ எதுவும் இல்ல சார்."

"பேருல இருந்தா போதும்மா."

வெள்ளிக்கிழமை மாலை அந்த ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டு அவள் ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினாள். சீவலப்பேரி சாலை வளைவில் ஒரு டவுன் பஸ், சாலையைத் தன் பெயருக்கே எழுதி வாங்கியதுபோல வந்தது. ஒதுங்கினாள், ஸ்கூட்டர் சறுக்கியது. மைல்கல்லில் தலை மோதிய சத்தம் அவளுக்கே கேட்டது. உட்கார்ந்து தன் பெயரையும் வீட்டு முகவரியையும் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன.

அந்த வழியாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் கிங்ஸ்லி நல்ல மனிதர். முதலில் சோடா வாங்கிக் கொடுத்தார். பிறகு ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கன மேடம்?"

"இது நான் செஞ்சது சார். இதாலதான் தலை தப்பிச்சுது."

"தலை இருக்குது, தெரியுது. ஆனா சட்டப்படி நீங்க ஹெல்மெட்டே போடல."

அபராதச் சீட்டை அவர் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆய்வகத்தில் அடிபட்ட இடத்தை அறுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். விரிசல் மேலிருந்து நேராக இறங்கியிருந்தது. முதல் குழாய்க்கட்டில் வளைந்து, அடுத்ததில் இன்னும் வளைந்து, அங்கேயே நின்றிருந்தது. லென்ஸ் மங்கலாகத் தெரிந்தது. துடைத்த பிறகுதான், ஈரம் தன் கண்ணில் என்று அவளுக்குப் புரிந்தது.

ஆவுடைநாயகம் மூச்சிரைக்க வந்தார்.

"விழுந்திட்டியாமே. யாரும் படம் எடுக்கலையாம்மா?"

"நான் விழுந்துகிட்டு இருந்தேன் சார்."

"சரி, திங்கக்கிழமை பத்திரிகைக்காரங்கள வரச் சொல்லுதேன். அதே இடத்துல இன்னொரு தரம் பைய விழ முடியுமா?"

"நீங்க விழுங்க சார். இன்னொரு ஹெல்மெட் இருக்கு, தாரேன்."

அவர் கோபப்படவில்லை. எந்தப் பக்கமாக விழுந்தால் முகம் நன்றாகத் தெரியும் என்று கேட்டார்.