பள்ளத்தை மூடிய தம்பி

ஒற்றை அணுவை லேசரால் பிடித்து வைத்து, அது எங்கே இருக்கும், எந்த வேகத்தில் ஆடும் என்பதை ஒரே வரைபடத்தில் போடுவதுதான் அக்காவின் ஆராய்ச்சி. இரண்டையும் ஒருசேர அளக்க விடமாட்டேன் என்பது குவாண்டம் இயற்பியலின் பிடிவாதம். நாமும் விடாமல் ஒரே தாளில் போட்டால், சில இடங்களில் நிகழ்தகவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். அந்தப் பள்ளம் விழுந்துவிட்டால் அணு அசல் குவாண்டம் சரக்கு, மறுபேச்சு கிடையாது.

அக்காவுக்குப் பள்ளம் விழவே இல்லை. லேசர் கருவியின் கண்ணாடிகளைத் துடைத்தாள், நகர்த்தினாள், தூக்கத்தைத் தொலைத்தாள். வணக்கம் சொல்வதற்கே பிரபஞ்சத்தின் தோற்றத்திலிருந்து ஆரம்பிப்பதால் ‘பிரபஞ்சம்’ என்று பெயரெடுத்த துறைத்தலைவர், இன்று மாலைக்குள் காட்டாவிட்டால் கருவி அடுத்த அறைக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார். அதையும் அரைமணி நேரம் சொன்னார்.

வரைபடம் போடும் நிரலை எழுதிக் கொடுத்தவன் தம்பி. இன்சூரன்ஸ் கம்பெனியில் புரோகிராமர். மதியம் சாப்பாடு கொண்டுவந்தவன் திரையில் ஒரு மைனஸ்கூட இல்லாததைப் பார்த்துப் பூரித்துப்போனான். அதோடு நிறுத்தியிருக்கலாம். முதலில் கண்டபடி மைனஸ் வந்ததாகவும், அக்காவின் மானம் போகக் கூடாதே என்று நிரலில் ஒரு வரி சேர்த்து அத்தனையையும் பூஜ்யமாக்கிவிட்டதாகவும் சேர்த்துச் சொன்னான்.

“ஏண்டா, ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?”

“மழை வர மைனஸ் இருபது சதவீதம் வாய்ப்புன்னு சொன்னா நீ நம்புவியாக்கா?”

“மழையை வெளிய போய்ப் பாத்துடலாம். இந்த மைனஸை யாரும் நேரா பாக்கவே முடியாது. இடத்தை மட்டும் அளந்தா, அக்கம்பக்கத்து பிளஸ் எல்லாம் சேந்து அதை முழுங்கிடும். வேகத்தை மட்டும் அளந்தாலும் அப்படித்தான். ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பாக்கற கணக்குல மட்டும்தான் பள்ளம் இருக்கும்.”

“பாக்கவே முடியாததுக்கா இப்படி இளைச்சுப் போன?”

திட்ட வாயெடுத்தவள் விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினாள். அக்கா தப்புக் கணக்குப் போட்டுவிட்டாள் என்று நினைத்து, மூச்சுவிடாமல் மூடி மறைத்திருக்கிறான். அவளுக்காக இவ்வளவு அக்கறையாக யாரும் எதையும் கெடுத்ததில்லை.

தம்பி அந்த ஒரு வரியை நீக்கினான். வரைபடத்தின் நடுவில் கருநீலமாக ஒரு குழி இறங்கியது.

மாலையில் வந்த பிரபஞ்சம், இதைத் தாம் அன்றே எதிர்பார்த்ததாக அறிவித்தார். கருவி இங்கேயே இருக்கட்டும் என்றார். இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்றும் கேட்டார். தம்பி தொண்டையைச் செருமினான். அக்கா அவன் காலை மிதித்தாள்.

“நிரல்ல ஒரு வரி தப்பு சார். நான்தான் சரிபாக்காம விட்டுட்டேன்.”

அவர் போன பிறகும் தம்பி கிளம்பவில்லை. தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கும் தாய்மாமனைப்போல் திரைமீது குனிந்து நின்றான்.

“எவ்வளவு ஆழம்க்கா?” என்று கேட்டான், குரலைத் தாழ்த்தி.