முப்பத்து நான்காம் பக்கம்

கசார்வாடி, தாய்மொழி தமிழ், லேத் வேலை, காசநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்: 1.

அச்சாகி வந்த அறிக்கையில் அந்த ஒன்றைப் பார்த்ததும் விரலை அதன்மேல் வைத்து மறுபடி படித்தேன். அந்த ஒருவர் யாரென்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு லூர்துசாமி மாமா.

போன வருடம், தொண்ணூற்றேழில், அரசாங்க உடல்நலக் கணக்கெடுப்புக்காரர்கள் கசார்வாடியில் எங்கள் வரிசை வீடுகளுக்கு வந்தபோது கூடப் போய் மொழிபெயர்த்தது நான்தான். மாமா நோயைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் வேலை பார்க்கும் பட்டறையின் சேட், இருமினான் என்பதற்காகவே ஒரு வெல்டரை அன்றைக்கே வெளியே தள்ளியவர். மாமாவின் மனைவி பவுன் அத்தை கதவைச் சாத்திவிட்டு, "வேண்டாம்ட்டி ஜான்சி, வேலை போச்சுன்னா பிள்ளைகள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?" என்று அழுதாள்.

"சும்மா சொல்லுங்க மாமா. இது சர்க்கார் ரகசியம். ஈ காக்காவுக்குக் கூடத் தெரியாது" என்று அடித்துப் பேசினேன். பெரிய இவள் மாதிரி! என் முகத்துக்காகத்தான் அவர் சொன்னார்.

அதன்பிறகு பக்கத்திலிருக்கும் புனேயில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அதே கணக்கெடுப்பின் விவரங்கள், பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு, எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்தன. யாரையும் அடையாளம் காட்ட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகே தொடவிட்டார்கள். எந்தக் கட்டத்திலாவது ஐந்துக்குக் குறைந்த எண் வந்தால், ஆள் யாரென்று ஊகித்துவிடலாம் என்பதால், நட்சத்திரக்குறி போட்டு மறைத்துவிட வேண்டும்.

தாய்மொழிக்குத் தனி வரிசை போடு என்று யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் போட்டேன். வழக்கமாக எங்களையெல்லாம் 'மற்றவர்' என்று தள்ளிவிடுவார்கள். இத்தனை வருடமாக இந்த ஊரில் இரும்பைக் கடைந்து சாகிற எங்கள் ஆட்கள் ஓர் அறிக்கையிலாவது தமிழர் என்று தெரியட்டுமே என்ற வீம்பு எனக்கு. கடைசி நேரத்தில் சேர்த்த வரிசை அது. மற்றதற்கெல்லாம் நட்சத்திரம் போட்ட நான் இதற்கு மறந்துவிட்டேன். சனியன் பிடித்த மறதி! அறிக்கை பட்டறை முதலாளிகளுக்கெல்லாம் தபாலில் போய் மூன்று நாளாகியிருந்தது.

எங்கள் தலைவர் சுப்ரமணியன் சாரிடம் ஓடினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"அச்சுல தப்புன்னு பொதுவா ஒரு லெட்டர் போட்டு எல்லாப் பிரதியையும் திரும்ப வாங்கிடறேன். எந்தப் பக்கம்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே. நீ எங்கேயும் போகக்கூடாது, புரியறதா?"

தலையாட்டினேன். நாற்காலியில் உட்காரத்தான் முடியவில்லை. லெட்டர் அடித்துப் போய்ச் சேர நாலு நாள் ஆகும். அதற்குள் சேட் படித்துவிட்டால்? அவர் பட்டறையில் தமிழ் பேசும் லேத் ஆள் ஒருவர்தான். மாமாவுக்கு மாத்திரை முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மாதாவே, மாதாவே என்றுதான் வாய் முணுமுணுத்தது.

பட்டறைக்குள் கண்ணாடி அடைத்த சின்ன அறையில் சேட் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேஜை ஓரத்தில் எங்கள் நிலையத்தின் பழுப்பு உறை. பிரிக்கவே இல்லை! அப்பாடா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் கெட்டேன்.

"சேட்ஜி, அந்தப் புத்தகத்துல ஒரு அச்சுப்பிழை. எடுத்துட்டுப் போய் மாத்தித் தரேன்" என்று இந்தியில் சொன்னேன்.

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தே? எந்தப் பக்கம்?"

"முப்பத்து நாலு" என்று சொல்லிவிட்டேன். ஐயோ, ஏன் சொன்னேன்? கேட்டதற்குப் பட்டென்று பதில் சொல்லிப் பழகிய வாய்.

"ஒரு பக்கம்தானே? அதை மட்டும் கிழிச்சுத் தரேன்" என்று உறையைப் பிரித்தார்.

"வேண்டாம் சேட்ஜி, அப்படியே கொடுங்க" என்று கையை நீட்டினேன். நீட்டிய கையை அவர் ஒருமுறை பார்த்தார். பிறகுதான் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு விரலை வரிசையாக இறக்கினார். நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம். விரல் நின்றது.

"தமிழ்" என்று வாய்விட்டுப் படித்தார். "லேத்."

"அது தப்பு சேட்ஜி, அப்படி யாருமே இல்ல" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. டீயைத் தள்ளி வைத்துவிட்டு, கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

"லூர்து! மெஷினை நிறுத்திட்டு இங்க வா!"

மெஷின் நின்றது. மாமா கைத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏ ஜான்சி! நீ எங்கம்மா இங்க?"